கடவுள் இல்லாத இரண்டு வீடுகள்

மாண்ட்ரியல்
14 ஏப்ரல் 1968

அன்புத் தங்கை அனுசூயாவுக்கு,

நான் சுகம். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்கிறது. ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் பனி அதை நம்பவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி? அப்பாவின் சைக்கிள் கடை, பகுத்தறிவு மன்றம், இருமல் மூன்றும் எப்படி?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஃபெய்கல் என்று ஒரு பெண். தொழிற்சாலை வேலை முடிந்து ஃபிரெஞ்சு படிக்கப் போகும் மாலை வகுப்பில் பக்கத்து நாற்காலி. இருவரும் ஃபிரெஞ்சைச் சம அளவில் கொலை செய்கிறோம். அதில் தொடங்கிய பழக்கம். நூலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இட்டிஷ், அதாவது ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி, கற்றுக்கொடுக்கிறாள். யூதப் பெண்.

வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் வீட்டுப் பாஸ்கா விருந்துக்குப் போனேன். எகிப்தில் அடிமைகளாக இருந்த யூதர்கள் வெளியேறிய கதையைச் சொல்லிச் சாப்பிடும் பண்டிகை. எனக்குள்ளே அப்பாவின் ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று, "மன்னிக்கணும், எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பிரார்த்தனை முடியும்வரை வெளியே நிற்கிறேன்" என்று அறிவித்தேன். ஃபெய்கலின் அப்பா வெல்வல், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உட்காருப்பா. இந்த வீட்ல பிரார்த்தனை பண்றவன்தான் வெளியே போய் நிக்கணும்."

மேஜையே சிரித்தது. அவர்களிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து இட்டிஷில் எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்துத் தைத்தது. கடவுள் கடலைப் பிளந்தார் என்பதெல்லாம் இல்லை. அடிமைகள் தாமே எழுந்து நடந்தார்கள் என்றுதான் இருக்கிறது. நடுவில் தையல் தொழிலாளர் வேலைநிறுத்தமும் வருகிறது, வார்சாவில் நாஜிகளை எதிர்த்து நின்றவர்களும் வருகிறார்கள். பாட்டு மட்டும் பழைய பாட்டு, தொண்டை கிழியப் பாடுகிறார்கள். கடைசியில் ஒரு வழக்கம்: மேஜையில் இருக்கும் ஒவ்வொருவரும், இன்னும் விடுதலை அடையாத யாரையாவது பெயர் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. "எங்கள் நாடு 1947லேயே விடுதலை ஆகிவிட்டது" என்றேன். "எல்லாருமா?" என்றார் வெல்வல். "எல்லாரும்தான்" என்றேன்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம். ஜாதியும் இல்லை, சாமியும் இல்லை என்று முப்பது வருஷமாக மேடையில் சொல்லும் மனிதரிடம் இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருப்பது ஏன் என்று தெரியவில்லை. நீ சொல்வாயா?

உன் அண்ணன்
சண்முகவேல்


கும்பகோணம்
5 மே 1968

அண்ணாவுக்கு வணக்கம்.

அம்மாவின் முழங்கால் அப்படியே. அப்பாவின் இருமல் மேடையில் நின்றுவிடுகிறது, வீட்டில் தொடங்குகிறது. நான் திடமாக இருக்கிறேன். பள்ளியில் எழுபது பெண்கள், இருபத்தெட்டுப் பெஞ்சு.

"எல்லாரும்தான்" என்றீர்களாம். படித்ததும் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். பிறகு முகவரி வேண்டுமே என்று எடுத்தேன். உள்ளூரில் படித்து, சென்னையில் பட்டம் வாங்கி, இங்கேயே கால்நடை மருத்துவராக வந்திருக்கிறார் மணிவாசகம் என்று ஒருவர். மேலத்தெருவில் பசு கன்று போடத் திணறினால் அவருக்கு ஆள் ஓடுகிறது. கொட்டில்வரை வரலாம், கூடத்துக்குள் கிடையாது. அவர் வீடு பாலத்தடிச் சேரியில் இருக்கிறது, அதனால். போன வாரம் கை கழுவத் தண்ணீர் தரவில்லை. பசுவின் தொட்டியிலேயே கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். மன்ற நூலகத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தால் ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள்.

ஃபெய்கல் பெயர் நன்றாக இருக்கிறது. அவள் அப்பா பெயர் வெல்வல், தாத்தா வைத்துவிட்டுப் போன உங்கள் பெயர் சண்முகவேல். நாத்திகர் வீடாகத் தேடித் தேடி வருகிறான் முருகன்.

இங்கே நல்ல சேதி, புதுச் சட்டம் வந்துவிட்டது. ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம். மாலை, சாட்சி, புரிகிற மொழியில் ஓர் உறுதிமொழி, அவ்வளவுதான் கல்யாணம். அப்பா இதுவரை நடத்திவைத்த முப்பத்தொரு கல்யாணமும் செல்லும் என்று ஆகிவிட்டது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

உங்கள் விஷயத்தை நான் சொல்கிறேன். உங்களுக்குத் திறக்கிற கதவு

(மேலே பாதியில் நிற்கும் வரியை விட்டுவிடுங்கள். பேனா தகராறு.)

தங்கை
அனுசூயா


மாண்ட்ரியல்
2 ஜூன் 1968

அன்பு அனு,

நலம். வெயில் வந்துவிட்டது. மனிதர்கள் சிறையிலிருந்து விட்டதுபோல் தெருவில் படுத்துக்கிடக்கிறார்கள்.

உங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது, எங்களுக்கு இல்லை. இந்த மாகாணத்தில் பாதிரியாரோ, யூதர்களின் குருவான ரபியோ இல்லாமல் கல்யாணம் நடக்காதாம்! ராக்கெட் பாகம் செய்யும் ஊரில்! ரபி எனக்குச் செய்துவைக்க மாட்டார். செய்தாலும் ஃபெய்கல் நிற்க மாட்டாள். கடவுள் பெயரையே சொல்லாத பாதிரியார் ஒருவர் இருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். "அப்புறம் எதுக்கு அந்த அங்கி?" என்றாள். எல்லையைத் தாண்டி அமெரிக்காவில் செய்துகொள்ளலாம் என்றேன். "நான் பிறந்த ஊர் இது. ஒளிஞ்சுபோய்க் கட்டிக்க நான் என்ன திருடியா? சட்டம் வர்றவரைக்கும் நிப்பேன்." உனக்கு அவளைப் பிடிக்கும்.

ஆனால் சட்டத்தைவிடப் பெரிய தடை வெல்வல். போன ஞாயிறு அவரிடம் சொன்னோம். பழைய ஆடைத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் மெயின் தெருவில், மாடியில் அவர்கள் வீடு. கேட்டுவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு சொன்னார்:

"கடவுள் கிடக்கட்டும். போலந்துல, எங்க ஊர் பியாலிஸ்டாக்ல என்கூடப் பிறந்தவங்க ஆறு பேர். ஒருத்தர்கூட மிஞ்சல. கொன்னவன், நீ கோயிலுக்குப் போறவனான்னு கேட்டுட்டுக் கொல்லல. எங்க மேஜையில இன்னொரு நாற்காலியும் காலியாகணுமா?"

"காலியாகலப்பா, ஒண்ணு கூடுது. இவருக்கும் போடணுமில்ல?"

"இவன் சாப்பிடுறதப் பார்த்தா ரெண்டு போடணும்" என்றாள் ஃபெய்கலின் அம்மா ஹிண்டா. வெல்வல் சிரிக்கவில்லை.

கடவுள் இல்லாமல் யூதராக இருப்பது என்றால் என்ன என்று திரும்பும் வழியில் ஃபெய்கலைக் கேட்டேன். "சாமி என் தாத்தாவோட நம்பிக்கை. பாட்டும் மொழியும் வாய்த்துடுக்கும் என்னோடது. எங்க எவன் மிதிபட்டாலும் ஏன்னு கேட்கணும்கிறதும் என்னோடது. இதுக்கெல்லாம் எந்த ரபிகிட்டயும் நான் கையெழுத்து வாங்கல."

அப்பா என்ன சொன்னார்?

சண்முகவேல்


கும்பகோணம்
30 ஜூன் 1968

அண்ணா, வணக்கம்.

வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. கோபம் மட்டும் இருக்கிறது, அதுவும் எனக்குத்தான்.

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். "என்ன ஆளுங்க?" என்றார்.

"யூதர்கள்."

"அது தெரியுது. அதுல எந்தப் பிரிவு?"

"அப்பா!"

"ஒரு தகவலுக்குக் கேட்டேன். அவங்கள்ல மேல கீழ ஒண்ணும் கிடையாதா? இவங்க நல்ல பிரிவுதானா?"

மன்றத்தின் தலைவர், அண்ணா! உள் அலமாரியில் ஒளித்து வைத்திருக்கும் முருகனுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த அம்மாவே சிரித்துவிட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு. இரண்டிலும் கடவுளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் போகும்போது ஜாதியை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெல்வலுக்காவது அழுவதற்கு ஆறு பேர் இருக்கிறார்கள். அப்பாவுக்கு என்ன இருக்கிறது?

ஒரு போட்டோ அனுப்பச் சொன்னார். அனுப்புங்கள்.

மணிவாசகம் சென்ற வாரம் மன்றத்தில் பேசினார். மாடுகளுக்கு வரும் நோய்களில் ஜாதி மட்டும் இல்லை என்றார். அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

அனுசூயா


மாண்ட்ரியல்
20 ஆகஸ்ட் 1968

அன்பு அனு,

சுகம். உன் கடிதம் மூன்று வாரம் தபால்காரர் வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்டது. திட்டலாம் என்று வாயெடுத்தேன். ஃபெய்கல் முறைத்த முறைப்பில் மறியல் செய்பவர்களுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். பிரிவு பற்றிய கேள்வியை ஃபெய்கலிடம் சொன்னேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "துணி வெட்டுற பிரிவுன்னு சொல்லு. கத்தரி எங்க குலதெய்வம்."

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்கு வெல்வல் ஹிண்டாவோடு வந்தார். ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்து மூக்கைச் சிந்தினார், கண்ணைத் துடைத்தார், கோப்பையை மறுபடி நீட்டினார். பிறக்காத பேரப்பிள்ளை என்ன மொழி படிக்கும் என்று பேரம் தொடங்கினார். ஞாயிறு இட்டிஷ். சரி, சனிக்கிழமை தமிழ் என்றேன். தெருவில் ஃபிரெஞ்சு, பள்ளியில் இங்கிலீஷ். "அந்தக் குழந்தை எப்பப்பா விளையாடும்?" என்று ஹிண்டா கேட்டாள். வெல்வல் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் பேரம் பேசுகிறவன் கடையை விட்டுப் போக மாட்டான்.

சண்முகவேல்


கும்பகோணம்
18 செப்டம்பர் 1968

அண்ணா, வணக்கம்.

அனைவரும் நலம். அப்பா சம்மதித்துவிட்டார். போட்டோவைப் பார்த்ததும் சம்மதித்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "வெள்ளைக்காரப் பொண்ணு. லட்சணமா இருக்கா. யார் என்ன சொல்லப்போறா?" என்றார். மன்றத்துக்கு எடுத்துப்போய் எல்லாரிடமும் காட்டினார்.

வாழ்த்துகள். வேறு சேதி இல்லை.

அனுசூயா


மாண்ட்ரியல்
6 அக்டோபர் 1968

என் அருமைத் தங்கைக்கு,

நலம், நலம், நலம்! உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சமையலறையில் ஆடினேன். கீழ் வீட்டுக்காரி விளக்குமாற்றால் கூரையை இடித்தாள். அப்பாவைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோம், அனு.

இன்னொன்று கேள். புதன்கிழமை யூதர்களின் உபவாச நாள். பக்தர்கள் பட்டினி கிடந்து தொழுவார்கள். வெல்வல் காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டார். பிறகு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு என்னையும் தொழிற்சங்கக் கூடத்துக்கு அழைத்துப்போனார். அவர் ஊரிலிருந்து தப்பி வந்த முப்பது, நாற்பது பேர் இருந்தார்கள். பிரார்த்தனை கிடையாது. இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். பெயர், செய்த தொழில். ரொட்டி சுடுகிறவர், ஆசிரியை, கால்பந்து ஆடுகிறவன். வெல்வல் தன் ஆறு பேரையும் சொன்னார். உட்கார்ந்ததும் காகிதத்தை என் கையில் கொடுத்தார். "அடுத்த வருஷம் எனக்குக் குரல் வரலேன்னா நீ வாசிக்கணும். அவங்க பேரைச் சரியா சொல்லக் கத்துக்கோ."

அதுதான் சம்மதம் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. ஃபெய்கல் கூடத்திலேயே அழுதாள், பிறகு மூவரும் மெயின் தெருவில் ஆளுக்கொரு இறைச்சி சாண்ட்விச் சாப்பிட்டோம். உபவாச நாளில்! அந்தக் கடையில் பாதிப் பேர் யூதர்கள்.

உன் கடிதம் ஏன் இவ்வளவு சின்னது? முக்கால் தாள் வெறுமையாக வந்தது. மருத்துவர் எப்படி இருக்கிறார்?

சண்முகவேல்


மாண்ட்ரியல்
24 நவம்பர் 1968

அனு,

பதில் இல்லையே? உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே சட்டம் நிறைவேறிவிட்டது. ஏப்ரல் முதல் நீதிமன்றத்தில் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

உன் பழைய கடிதங்களை ஃபெய்கலுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த மாட்டு டாக்டர் எல்லாக் கடிதத்திலும் வர்றாரே, கடைசியில மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டாள். நூலகத்தில் வேலை செய்பவளுக்குத் தெரிகிறது, உன் கூடப் பிறந்தவனுக்குத் தெரியவில்லை. எழுது.

அண்ணன்


கும்பகோணம்
12 ஜனவரி 1969

அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

கீழ்வெண்மணிச் சேதி அங்கே வந்ததா? நம் ஜில்லாதான். கூலி கூடக் கேட்டதற்காகச் சேரி மக்களை, குழந்தைகளோடு, ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். நாற்பத்து நாலு பேர். மன்றத்தில் கண்டனக் கூட்டம். அப்பா அழுதுகொண்டே பேசினார். அது நடிப்பு இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "அப்பா, மணிவாசகத்தை நான் கட்டிக்கப் போறேன்."

செப்டம்பரில், உங்களுக்குச் சம்மதித்த அன்றே, ஒரு தடவை கேட்டிருந்தேன். அப்போது இருமினார். இப்போது இருமவில்லை. "அவன் தங்கமான பையன். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஊருக்குள்ள நான் நடமாட வேண்டாமா? உன் அண்ணன் கதை வேற. அவ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கா."

அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. உங்களிடம் முன்பே சொல்லாததற்குக் காரணம், உங்கள் சந்தோஷத்தில் மண்ணைப் போட வேண்டாம் என்பதுதான். கொஞ்சம் பொறாமையும் உண்டு. நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் மணியும் சித்திரைக்கு நாள் பார்த்துவிட்டோம். பார்த்தோம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு விடுமுறை. மன்றத்தில்தான் வைப்போம். எங்கள் தலைமையாசிரியை வசந்தகுமாரி அம்மாள் நடத்திவைப்பார். முப்பத்தொரு பேருக்கு நடத்திவைத்த மனிதர் எனக்கு வர மாட்டார் என்பதுதான் வலிக்கிறது.

அனுசூயா


மாண்ட்ரியல்
2 பிப்ரவரி 1969

என் அனு,

நான் ஒரு மடையன். இதை முதலில் எழுதிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை வெல்வல் வீட்டு மேஜையில் வரிவரியாகச் சொன்னேன். ஒருவரும் சாப்பிடவில்லை. "வெள்ளையா இருக்கேன்னுதான் எனக்கு இடம் கிடைச்சுதா? அந்த இடம் எனக்கு வேண்டாம்" என்றாள் ஃபெய்கல். அப்பாவுக்கு எழுதிவிட்டேன்: உங்கள் சம்மதத்தைத் திருப்பி அனுப்புகிறேன், அனுவுக்குக் கொடுத்த பிறகு எனக்குக் கொடுங்கள், அதுவரை நீதிமன்றத்தில் நாள் கேட்க மாட்டோம். வெல்வலும் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். அப்பாவின் உறையில் அது போகிறது, உனக்கு ஒரு நகல்.

உன் அண்ணன்
சண்முகவேல்


(நகல்)

திரு. சிதம்பரநாதன் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் மனைவியும் நலமாக இருக்க விரும்புகிறேன். நான் துணி வெட்டுகிறவன். பதினைந்து வயதில் கடவுளை விட்டேன். விட்ட மறுநாளே நல்லவனாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உங்கள் மகன் வந்தபோது நாலு மாதம் வேண்டாம் என்றேன். பக்திமானாக இருந்தால் பழியை வேதத்தின்மேல் போட்டிருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை. நாம் செய்யும் தப்புக்கு நாமேதான் முதலாளி.

என் மகளை அவள் நிறத்துக்காக ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதே நிறத்தில்தான் என் அண்ணன்மாரும் இருந்தார்கள். கொன்றவர்களுக்கு அது போதவில்லை. ஆளைத் தரம் பிரிக்கிறவன் எப்படியும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவான். அவன் கத்தரியை நாம் ஏன் பிடிக்க வேண்டும்?

நான் செத்தவர்களுக்காகப் பயந்தேன். நீங்கள் யாருக்காகப் பயப்படுகிறீர்கள்? மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற மனிதர் என் மேஜைக்கு எந்த நாளும் வரலாம். உங்களுக்கும் நாற்காலி உண்டு. ரசம் நன்றாக இருந்தது.

வெல்வல்


கும்பகோணம்
20 ஏப்ரல் 1969

அண்ணா, அண்ணி இருவருக்கும், மணிவாசகம், அனுசூயா எழுதும் வணக்கம். ஆம், அண்ணி. இனி ஒத்திப்போடாதீர்கள். உடனே நீதிமன்றத்துக்குப் போய் நாள் வாங்குங்கள்.

உங்கள் உறை வந்ததிலிருந்து ஒன்றரை மாதம் அப்பாவுக்கு ஒரே வேலைதான். வெல்வலின் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போவார், கொண்டுவருவார். சைக்கிள் எண்ணெய் பட்டு மடிப்பெல்லாம் கறுத்துவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டில் அம்மா பொறுக்க முடியாமல் கேட்டாள்: "நான் சாமி கும்பிடுறவ. எனக்கே அந்தப் பையன்கிட்ட ஒண்ணும் தோணல. சாமியே இல்லேங்குற உங்களுக்கு என்னங்க வந்துது?" அப்பா மோரை ஊற்றிக்கொண்டார்.

பதின்மூன்றாம் தேதி மன்றத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. மணியின் அம்மா முன்வரிசையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தார். நம் அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் உட்கார்த்தினாள். வசந்தகுமாரி அம்மாள் பேச எழுந்தபோது வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். அப்பா. சலவைச் சட்டை. பின்வரிசையில் உட்காரப் போனவரைப் பார்த்து அம்மாள் மேடையிலிருந்தே கூப்பிட்டார். "தலைவர் வந்தாச்சு. எனக்கு வேலையில்ல. வாங்க சார்."

மேடை ஏறினார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் முப்பத்தொரு கல்யாணம் நடத்தி வச்சவன். இந்தக் கல்யாணத்துக்கு வர வேண்டாம்னு இருந்தேன். அதுக்குக் காரணம் ஜாதி. வேற ஒண்ணுமில்ல" என்றார். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். அப்பாவாவது நிறுத்துவதாவது! மனித குல வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கினார். முப்பது நிமிஷம். கனடாவில் ஒரு தோழர் என்று வெல்வலின் கடிதம் முழுவதையும் வாசித்தார், ரசம் உட்பட.

"அப்பா, மாலை வாடுது" என்றேன் மெதுவாக. மைக் அதையும் பிடித்துக்கொண்டது. மன்றம் அதிரச் சிரித்தார்கள். அவசர அவசரமாக மாலையை எடுத்துக் கொடுத்தார். உறுதிமொழியை நான்தான் முதலில் சொன்னேன். மணிக்கு இரண்டு இடத்தில் நாக்குக் குழறியது.

சாப்பாடு பாலத்தடியில். அப்பா முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மணியின் அம்மா, "உன் அண்ணன் கட்டிக்கப்போற அந்த வெளிநாட்டுப் பொண்ணு காரம் திம்பாளா?" என்று கவலைப்பட்டார். அவள் அப்பாவே தின்கிறார் என்று சொல்லிவைத்தோம்.

சாயங்காலம் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் மணியும் பாலம்வரை கூட நடந்தோம். பாலத்தின் மேல் மேலத்தெரு வைத்தியலிங்கம் எதிரே வந்தார். எண்பது வயது, காது அறவே மந்தம்.

"பொண்ணுக்குக் கல்யாணமாமே? எங்க குடுத்திருக்கே?"

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "பாலத்தடிச் சேரியில" என்றார்.

"என்னது? கேக்கல."

அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டார். அவர் கத்திய கத்தலில் ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அங்கே எல்லாருக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

அனுசூயா